சேற்றுக்குச் செய்த வாகனம்

மற்ற கார்களைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும் சொகுசு வாகனங்களை இப்போது எல்லாப் பெருநகரங்களிலும் காண்கிறோம். மூன்றடித் தண்ணீரில் இறங்கிக் கரையேறவும், பாறை மீது தவழ்ந்து ஏறவும், மணலில் புதையாமல் ஓடவும் வடிவமைக்கப்பட்டவை அவை. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை தம் வாழ்நாளில் சந்திக்கும் மிகப் பெரிய தடை, பள்ளிக்கூட வாசலில் உள்ள வேகத்தடையாகத்தான் இருக்கும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் வெப்ப என்ஜின் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இந்த வாகனங்களின் பொறியியல் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனாலேயே, எந்த வேலைக்காக ஒரு டீசல் என்ஜின் செய்யப்பட்டதோ, அந்த வேலையை அதற்குக் கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதை விளக்க விரும்புகிறேன். அதன் விலையைக் கொடுப்பவர் வாகனத்தின் உரிமையாளர் மட்டுமல்லர் என்பதால், இது பொதுப் பிரச்னையும்கூட.

இவ்வகை வாகனங்களுக்கெல்லாம் முன்னோடி என்று 'ரேஞ்ச் ரோவரை'ச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 'லேண்ட் ரோவர்' என்னும் வாகனத்தை அறிமுகப்படுத்தியது. வயலில் உழைக்க வேண்டிய உழவர்களுக்கான வண்டி அது. எஃகுக்குப் பஞ்சம் நிலவிய காலம் என்பதால் அதன் மேற்பாகத் தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. அந்த உழவர் வண்டியின் வலிமையையும் காரின் சுகத்தையும் இணைத்து, 1970-இல் பிறந்ததுதான் ரேஞ்ச் ரோவர். ஸ்பென் கிங் என்கிற பொறியாளரின் தலைமையில் உருவான அந்த வாகனத்தின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். சேறு படிந்த காலணியோடு ஏறுபவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அது.

தொடக்கத்தில் அதில் இருந்தது 3.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். எரிபொருளைக் குடிப்பதில் அதற்குத் தாராள மனம். ஐரோப்பாவில் பெட்ரோல் விலை உயர்ந்த பிறகு வாடிக்கையாளர்கள் தயங்கத் தொடங்கினர். 1986-இல் இத்தாலியின் வி.எம். மோட்டோரி நிறுவனம் தயாரித்த 2.4 லிட்டர் டீசல் என்ஜின் முதன்முதலாக ரேஞ்ச் ரோவரில் பொருத்தப்பட்டது. 2006-இல் வந்த 3.6 லிட்டர், எட்டு சிலிண்டர் டீசல் என்ஜின் 640 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. அதன்பின் வந்த 4.4 லிட்டர் என்ஜினில் அது 700 ஆக உயர்ந்தது. இப்போதோ மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜினே 700 நியூட்டன் மீட்டரைத் தருகிறது.

முறுக்குவிசை என்றால் என்ன? சக்கரத்தைத் திருப்பும் வலிமை என்று எளிதாகச் சொல்லலாம். பந்தயக் குதிரையின் திறமை வேகத்தில் இருக்கிறது. கமலை இழுக்கும் காளையின் திறமை, மெதுவாக நடந்தபடியே பெரும் பாரத்தை இழுப்பதில் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் குதிரை என்றால், டீசல் என்ஜின் காளை. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்ற நிதானமான ஓட்டத்திலேயே மேற்சொன்ன 700 நியூட்டன் மீட்டரையும் அது தந்துவிடும். இரண்டரை டன் எடையுள்ள வாகனம் சேற்றிலிருந்து வெளியேற வேண்டுமானால் சக்கரம் வேகமாகச் சுழலக் கூடாது. மெதுவாக, ஆனால் விடாமல் திரும்ப வேண்டும். அதற்கு ஏற்றது காளைதான்.

இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் பெரும்பாலும் முன்பே கலந்து அழுத்தப்படுகின்றன. அளவுக்கு மீறி அழுத்தினால் அந்தக் கலவை தானாக வெடித்து என்ஜினைச் சேதப்படுத்தும். டீசல் என்ஜினில் முதலில் வெறும் காற்று மட்டுமே, ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அப்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறி தேவையில்லை. இந்த முறையில் இயங்கும் என்ஜினை ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டினார். நீராவி என்ஜின்கள் எரிபொருளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தத் திணறிய காலத்தில், அவரது என்ஜின் கால்பங்குக்கும் மேல் பயனாக்கியது.

முன்பே கலந்து வெடிக்கும் அச்சம் இல்லாததால், டீசல் என்ஜினுக்குள் 'டர்போ' விசிறி மூலம் மேலும் மேலும் காற்றைத் திணிக்க முடிகிறது. 1990-களின் இறுதியில் வந்த 'காமன் ரெயில்' தொழில்நுட்பம், டீசலை வளிமண்டல அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், மிக நுண்ணிய துளிகளாக, ஒரே எரிதலுக்குப் பலமுறை பிரித்துப் பீய்ச்ச வழி செய்தது. 'தட தட' என்று அதிர்ந்த டீசல் என்ஜின், சொகுசு வாகனத்தில் அமரும் அளவுக்குச் சாதுவானது இதனால்தான்.

ஆனால், அதே எரிதலில்தான் டீசலின் இரண்டு நோய்களும் இருக்கின்றன. துளியாகப் பீய்ச்சப்படும் டீசல், எல்லா இடத்திலும் காற்றோடு சமமாகக் கலப்பதில்லை. காற்று போதாத இடத்தில் கரித்துகள் உண்டாகிறது. வெப்பம் மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறுகிறது. வெப்பத்தைக் குறைத்தால் கரி கூடும். கரியைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும்.

இந்தக் கரித்துகள்கள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடவும் சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடியாழம் வரை செல்கின்றன. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிபட அறிவித்தது.

எனவே, நவீன டீசல் வாகனத்தின் புகைக்குழாய் ஒரு சிறு ரசாயன ஆலையாகவே மாறிவிட்டது. நைட்ரஜன் ஆக்ஸைடை முறிக்க யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது. கரித்துகளைப் பிடிக்கப் பீங்கானால் ஆன, தேன்கூடு போன்ற வடிகட்டி வைக்கப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள வடிகட்டி, கரித்துகளில் நூற்றுக்கு 95-க்கும் மேல் பிடித்துவிடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிடித்த கரியை வடிகட்டி அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கால் மணி நேரம் ஓடினால் இந்த வேலை நடந்து முடிந்துவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து கடைவீதிக்கு மூன்று கிலோமீட்டர், இடையே ஐந்து சிக்னல்கள் என்று ஓடும் வாகனத்தில் அந்த வெப்பம் வருவதற்குள் என்ஜின் அணைக்கப்பட்டுவிடுகிறது. வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகிறது. அதை எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல், சில என்ஜின்களில் உயவு எண்ணெயோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்கிறது.

அடைத்துக்கொண்ட வடிகட்டியை மாற்றுவது பெருஞ்செலவு. அதனால், உத்தரவாதக் காலம் முடிந்த வாகனங்களில் வடிகட்டியின் உள்பாகத்தையே அகற்றிவிட்டு, கணினி மென்பொருளை அதற்கேற்ப மாற்றிவிடும் குறுக்கு வழி உலகெங்கும் இருக்கிறது. வாகனம் முன்பைவிடச் சீறிப் பாய்கிறது, உரிமையாளருக்கு மகிழ்ச்சி. பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கும், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், நடைபாதை வியாபாரிக்கும் என்ன நடந்தது என்பதே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகைகூடப் பல நேரங்களில் வருவதில்லை.

இந்தப் பிரச்னையைச் சட்டம் எப்படி எதிர்கொண்டது? 2015 டிசம்பரில், தில்லியின் காற்று மாசைக் கருதி, 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களையும் சொகுசு வாகனங்களையும் தலைநகர் வட்டாரத்தில் பதிவு செய்ய உச்சநீதிமன்றம் தடை விதித்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால், அளவுகோல் என்ஜினின் கொள்ளளவாக இருந்தது. சில வாரங்களிலேயே மஹிந்திரா நிறுவனம் 1.99 லிட்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. அது சட்டத்துக்கு உள்பட்ட செயல்தான். அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால், கொள்ளளவில் பத்து, இருநூறு சி.சி. குறைவதால் மட்டும் நுரையீரலுக்கு என்ன நன்மை? 2016 ஆகஸ்டில், வாகன விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் அந்தத் தடை விலக்கப்பட்டது.

கொள்ளளவு மாசின் அளவுகோல் அல்ல. வடிகட்டி சரியாக இயங்கும் மூன்று லிட்டர் என்ஜினைவிட, வடிகட்டி அகற்றப்பட்ட ஒன்றரை லிட்டர் என்ஜின் பல மடங்கு கரியை உமிழும். சோதனைக்கூடத்துச் சான்றிதழும் போதாது என்பதை 2015-இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வேகன் மோசடி காட்டியது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள், அந்தக் குழுமத்தின் டுவாரெக், ஆடி க்யூ7, போர்ஷ கயென் ஆகிய சொகுசு வாகனங்களின் மூன்று லிட்டர் டீசல் என்ஜின்களிலும் இருந்தது.

இந்தியாவும் இதில் முன்னேறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகள், டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பைக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், துகள் வரம்பை 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும் குறைத்தன. 2023 முதல், சோதனைக்கூடத்தில் மட்டுமன்றி உண்மையான சாலை ஓட்டத்திலும் உமிழ்வு அளக்கப்படுகிறது.

ஆனால், இவையெல்லாம் புதிய வாகனங்களுக்கான தேர்வுகள். விற்பனையாகி, ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் வடிகட்டி இருக்கிறதா, இல்லையா என்பதை யார் பார்க்கிறார்கள்? மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்காக நாம் செய்வது புகையின் அடர்த்தியை அளக்கும் பழைய சோதனை. காமன் ரெயில் என்ஜினின் நுண்துகள்கள் அந்தக் கருவியின் கண்ணில் அநேகமாகப் படுவதேயில்லை. வடிகட்டியை இழந்த வாகனமும் அதில் எளிதாகத் தேறிவிடும்.

இதற்கு மாற்று இருக்கிறது. பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இலும், டீசல் வாகனங்களின் ஆண்டாய்வில் துகள்களின் எண்ணிக்கையையே அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கின. என்ஜினை நிறுத்தாமல், நின்ற நிலையில் ஓடவிட்டு, புகைக்குழாயில் குழல் ஒன்றைச் செருகினால் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். இந்தக் கருவியை நம் சான்று மையங்களுக்குக் கொண்டுவருவதுதான் அரசு எடுக்க வேண்டிய முதல் நடவடிக்கை. எல்லா மையங்களிலும் ஒரே நாளில் முடியாதென்றால், விலை உயர்ந்த, எடை மிகுந்த டீசல் வாகனங்களிலிருந்து தொடங்கலாம். அரைக் கோடிக்கும் மேல் விலை கொடுத்தவருக்கு அந்தச் சோதனைக் கட்டணம் சுமையாகாது.

இதில் நமக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008-இல் டாடா மோட்டார்ஸ் வாங்கியது. 2024-இல் ரேஞ்ச் ரோவரின் தயாரிப்பு முதன்முறையாகப் பிரிட்டனுக்கு வெளியே, புணேயில் தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் ரூ.9,000 கோடி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எங்கோ செய்த வாகனம் என்று இனி நாம் கைகழுவிவிட முடியாது.

வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதந்தோறும் நெடுந்தொலைவு பயணம் செய்பவர், மலைத்தோட்டம் வைத்திருப்பவர், பாரம் இழுக்க வேண்டியவர் ஆகியோருக்கு டீசல் என்ஜின் இன்றும் தகுந்த துணை. நகருக்குள் நாளுக்குப் பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு அது பொருந்தாத தேர்வு; அவரது பணத்துக்கும் நல்லதல்ல, ஊரின் காற்றுக்கும் நல்லதல்ல. ரேஞ்ச் ரோவரை உருவாக்கிய ஸ்பென் கிங்கே, தம் முதுமையில், குழந்தைகளைப் பள்ளியில் விடவும் ஊருக்குள் சுற்றவும் இத்தகைய வாகனங்களைப் பயன்படுத்துவது மடமை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

காளையைக் கொட்டிலில் கட்டிவைத்துத் தீனி மட்டும் போட்டால் நோய்தான் வரும். உழைக்கப் பிறந்த என்ஜினுக்கும் அதே நியதி. அதை எங்கே ஓட்டுவது என்பது உரிமையாளரின் விருப்பமாக இருக்கலாம். அது வெளிவிடும் காற்றை அளப்பது அரசின் கடமை. ஏனெனில், அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு விருப்பம் என்று ஒன்றும் கிடையாது.