மூளைக்குள் லேசர்: சூடு எங்கே நிற்கும் என்று சொல்லும் கணக்கு

மூளையின் ஆழத்தில் கட்டியோ வலிப்பைக் கிளப்பும் திசுவோ இருந்தால், கத்தி கொண்டு அதை எட்டுவதற்குள் வழியிலுள்ள நல்ல திசு பாழாகிவிடலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு லேசர் சிகிச்சை செய்கிறார்கள். மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் அகலத் துளையிட்டு, மெல்லிய ஒளியிழையைச் செருகி, நோயுற்ற திசுவை மட்டும் சுட்டுவிடுவார்கள். நோயாளி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்க, வெப்பநிலை ஏறுவது திரையில் தெரியும். அமெரிக்காவில் 2007 முதல் இதற்கு அனுமதி பெற்ற கருவி உண்டு.

சுடுவது எளிது. சூட்டை வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்தான் சிக்கல். வலிப்புக்காகச் சுடப்படும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை ஒட்டியே மூளைத்தண்டும் பார்வைப் பாதையும் இருக்கின்றன. திசு சாவது வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் முக்கியம். 43 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் செய்யும் சேதத்தை 44 டிகிரி 30 நிமிடத்தில் செய்துவிடும், 45 டிகிரி 15 நிமிடத்தில். 60 டிகிரியைத் தொட்டால் திசு ஏறக்குறைய உடனே வெந்துவிடும்.

ஆகவே சூடு எப்படிப் பரவும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருக்கிறது. இதற்கு இன்றும் அடிப்படை, 1948-இல் ஹாரி பென்னஸ் வெளியிட்ட சமன்பாடுதான். தன்னார்வலர்களின் முன்கைக்குள் வெப்பமறியும் மெல்லிய கம்பிகளைக் குறுக்கே இழுத்துச் செருகி, தோலிலிருந்து உள்ளே போகப்போக வெப்பம் எப்படி மாறுகிறது என்று அவர் அளந்தார். கார் எஞ்சினின் ரேடியேட்டர் தண்ணீரைப் போல, ஓடும் ரத்தம் திசுவின் சூட்டை அள்ளிக்கொண்டு போவதைக் கணக்கில் சேர்த்ததே அவரது பெரும் பங்களிப்பு.

மூளையில் இந்தக் கணக்கு எளிதாக முடிவதில்லை. அருகில் பெரிய ரத்தக்குழாயோ நீர் நிறைந்த மூளை அறையோ இருந்தால், அந்தப் பக்கம் சூடு ஏறாது. வெந்த திசுவில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். லேசர் ஒளி அதில் முன்னைவிட அதிகமாகச் சிதறும். இதனால், சிகிச்சை தொடங்கியபோது கணக்கில் சரியாக இருந்த எண்கள் நடுவிலேயே பிசகிவிடுகின்றன. ஒருவரின் கட்டிக்குப் பொருந்தும் எண்கள் இன்னொருவருடையதற்குப் பொருந்துவதும் இல்லை.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண் ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒரு பங்கு குறையும். அத்தனை சிறிய மாற்றத்தையும் கருவி பிடித்துவிடுகிறது. அந்த அளவீட்டைக் கொண்டே கணக்கைத் திருத்திக்கொண்டு போகலாம் என்ற யோசனையை 2000-களில் டெக்சாஸில் சோதித்தார்கள். நாய்களுக்கு லேசர் சிகிச்சை நடந்தது ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், கணினிக் கணக்கீட்டு ஆய்வாளர் டின்ஸ்லி ஓடன் குழுவின் கணினிகள் கணக்குப் போட்டது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆஸ்டினில். அந்தச் சோதனை புராஸ்டேட் சுரப்பியில் நடந்தாலும், முறை மூளைக்கும் பொருந்தும்.

அளவீடும் பிழைபடக்கூடியதே. ஒரு படம் எடுக்கச் சில நொடிகள் ஆகும். லேசரை அணைத்த பிறகும் சூடு பரவும். திரை காட்டும் வெப்பநிலை தவறாக இருந்து திசு அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் மருத்துவர்களை எச்சரித்தது.

சுடப்படும் பகுதிக்குக் கணினி தரும் எல்லைக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எத்தனை மில்லிமீட்டர் பிசகலாம் என்பதையும் அதே திரையில் காட்டியாக வேண்டும். அதைக் காட்டாத கணக்கை அறுவை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.