தத்துவம் படிக்க எவ்வளவு செலவாகும்?

தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர் ஆதிச்சநல்லூர். இங்கே மேட்டு மண்ணைத் தோண்டினால் தாழி கிடைக்கும். தாழிக்குள் எலும்பு. பக்கத்திலே சட்டி, பானை, இரும்பு ஆயுதம். பொன்னால் செய்த நெற்றிப் பட்டங்கூடக் கிடைத்திருக்கிறது. 2023-இல் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, எல்லாரும் பார்க்கும்படி செய்தார்கள்.

செத்தவனுக்குச் சட்டி பானை எதற்கு? சாவுக்கு அப்புறம் என்ன?

அந்தக் காலத்து மனிதன் இதைக் கேட்டிருக்கிறான். இந்தக் கேள்விக்குப் பெயர்தான் தத்துவம். இதற்கென்றே எம்.ஏ. படிப்பு இருக்கிறது.

அப்பாவின் கேள்வி

இந்தப் பக்கத்தில் வாழை போட்டுப் பிழைக்கும் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, நான் தத்துவம் எம்.ஏ. படிக்கப் போகிறேன்" என்கிறாள் மகள். "ஏட்டி, அது சோறு போடுமா?" என்கிறார் அப்பா.

அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் முதலில் செலவைப் பார்ப்போம்.

இந்தப் படிப்புக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கருவி வேண்டாம். புத்தகமும் ஆசிரியரும் போதும். அதனால் கட்டணம் குறைவு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டில் இருந்தபடியே சில ஆயிரம் ரூபாயில் படிக்கலாம். பாடம் தமிழில் இல்லை என்பதுதான் குறை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு உதவித்தொகை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இரவல் புத்தகம்

ஏழை வீட்டுப் பையன் ஒருவன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தான். எந்தப் பாடம் எடுப்பது? உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்! அதனாலேயே பையன் தத்துவம் எடுத்தான். அவர்தான் பின்னாளில் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன்.

அங்கே ஆசிரியர்கள் கிறிஸ்தவப் பாதிரிமார். இந்து சமயத்தை அவர்கள் குறை சொன்னது மாணவர் மனத்தைச் சுட்டது. அதற்குப் பதிலாக, வேதாந்தத்திலும் அறநெறி உண்டு என்று எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். அது 1908-இல் அச்சாயிற்று. அதைப் புகழ்ந்தவர் யார் தெரியுமா? அவருடைய பாதிரி ஆசிரியர் ஹாக்!

யார் யார் படிக்கலாம்?

வேறு வேறு நம்பிக்கை உள்ளவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடினால்தான் இந்தப் படிப்புக்கு உயிர். நல்ல வேளையாக, கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. பி.எஸ்சி., பி.காம். என எந்தப் பட்டம் பெற்றவரையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். வயதும் பெரிய தடை இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு பெற்ற குமாஸ்தா, நேற்றுப் பட்டம் வாங்கிய இளைஞன் மூவரும் ஒரே பாடத்தைப் படிக்கலாம்.

உண்மையான செலவு

ஆனால் கட்டணம் மட்டும் செலவு ஆகாது. சென்னைக்குப் போனால் விடுதிச் சாப்பாடு, ரயில் சத்தம் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது, மகள் சம்பாதிக்காத இரண்டு வருஷம். பணக்கார வீடு அதைத் தாங்கும். ஏழை வீடு தாங்குமா? கதவு திறந்திருந்தும் பலர் உள்ளே வராமல் இருப்பது இதனால்தான்.

படித்த பிறகு என்ன? கல்லூரி ஆசிரியர் வேலை உண்டு. ஆனால் இடங்கள் கொஞ்சம். அதற்கு 'நெட்' போன்ற தகுதித் தேர்வும் எழுத வேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அறநெறிக்கென்றே 2013 முதல் ஒரு தாளும் உண்டு.

திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்கு யார் பெயர்? மனோன்மணீயம் சுந்தரனார் பெயர். அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவரும் அவரே.

ஆகவே அப்பாமார்களே, கணக்குப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தே படிக்க வழி உண்டா, உதவித்தொகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்கு அப்புறம் முடிவு சொல்லுங்கள். தாழி புதைத்தவன் கேட்ட கேள்வியைத்தான் உங்கள் மகளும் கேட்கிறாள். அதைக் கேட்கப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமா உரிமை?