ஈரக் காலுக்கு இசைந்த தரை

துயில் நீங்கி எழுந்ததும், தரையில் கால் வைப்பதற்கு முன்பாகப் பூமிதேவியை வணங்கி, மிதிப்பதைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்வது நம் முன்னோர் வகுத்த நெறி. கோலமிடுவதும், மனையிட்டு அமர்ந்து ஜபம் செய்வதும், இறைவன்முன் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குவதும் அந்தத் தரையில்தான். ஆகவே, இல்லத்தைப் புதுப்பிக்கையில் டைல்ஸ் தேர்ந்தெடுப்பதை அழகு சார்ந்த காரியமாக மட்டும் கருதலாகாது. வீட்டின் மிக மூத்தவர் அத்தரையில் அச்சமின்றி நடமாட இயலுமா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

பேத்தியின் திருமணமோ, தாத்தாவின் சதாபிஷேகமோ நெருங்கும்போது, பிள்ளைகள் அன்போடு வீட்டைப் புதுப்பிக்க முன்வருகிறார்கள். கடையில் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் அவர்கள் மனத்தைக் கவர்கிறது. ஆனால், விடியற்காலையில் நீராடி, ஈரக் காலோடு பூஜையறைக்குச் செல்பவர் வீட்டுப் பெரியவர். அங்கே அபிஷேக நீர் சிந்தும். விளக்கு எண்ணெய் சொட்டும். முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முன்போல் நடக்க இயலாமல் போவோர் பலர். நித்திய பூஜையும், ஆலயப் பிரதட்சிணமும் அன்றோடு நின்றுபோகக்கூடும்.

பழைய ஆலயங்களின் பிராகாரத்தில், உளியால் கொத்திய கருங்கல் தளத்தைக் கவனித்திருப்பீர்கள். குளத்தில் நீராடி வருவோரின் ஈரப் பாதத்தை அந்தச் சொரசொரப்பு பற்றிக்கொள்ளும். வீட்டுத் தரைக்கும் அந்தப் பிடிமானம் தேவை.

எவ்விடத்துக்கு எது?

சுவருக்கான செராமிக் டைல்ஸ் பொதுவாகத் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சும், வலிமையும் குறைவு. மலிவாகக் கிடைக்கிறதென்று அதைத் தரையில் பதிக்கலாகாது. விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கு மேற்படாது. உறுதியானது, கறையும் எளிதில் படியாது. எனினும், அதில் மெருகேற்றிய வகை ஈரம் பட்டால் வழுக்கும். அதே விட்ரிஃபைட் 'மேட்' எனப்படும் மங்கலான பரப்பிலும் கிடைக்கிறது. பூஜையறைக்கும், குளியலறையிலிருந்து அங்கு வரும் வழிக்கும் அதுவே உகந்தது.

வழுக்காத் தன்மைக்கு ஜெர்மானிய அளவுகோல்கள் இரண்டு உண்டு. ஆர்9 முதல் ஆர்13 வரையிலான தரம் காலணியோடு நடப்போருக்கானது. ஏ, பி, சி என்பது வெறுங்காலுக்கானது. சோப்பு நீர் வழியும் சாய்தளத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்து, 12 பாகைச் சாய்வு வரை நிற்க முடிந்தால் 'ஏ', 18 எனில் 'பி', 24 எனில் 'சி' என்று வகுப்பார்கள். வீட்டினுள் வெறுங்காலோடு நடப்பவர்கள் நாம். குளியலறைக்கு 'பி' அல்லது 'சி' கேட்டு வாங்குவது நலம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் பூக்கற்களை விரும்புவோரும் உண்டு. கண்ணாடிப் பலகையின்மீது வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, கையால் வார்த்து, நீரில் ஊறவைத்துச் செய்யப்படுபவை அவை, சூளையில் சுடுவதில்லை. கூடத்துக்கு அவை பேரழகு. ஆயினும் வழவழப்பானவை, ஆதலால் குளியலறை வாயிலில் தவிர்க்கலாம்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

பெட்டியில் குறியீடு இல்லையெனில், மாதிரி டைல் ஒன்றை வீட்டுக்குக் கொணர்ந்து பாருங்கள். தண்ணீர் தெளித்து, ஒருவர் கையைப் பற்றியபடி வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, மறுநாள் துடைத்தால் கறை போகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, மாக்கோலம் இழைத்துப் பாருங்கள். மிக வழவழப்பான பரப்பில் அது காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஒட்டுக்கோலத்தை நாடினால், அதன் விளிம்பு பெயர்ந்து காலைத் தடுக்கும்.

கண்புரை உள்ளவர்களுக்கு மின்னும் தரை கூச்சம் தரும். படியின் விளிம்புக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால், இறங்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

தெய்வ உருவ டைல்ஸ்

திருவுருவம், ஓம், ஸ்வஸ்திகம் போன்றவை தரையில் அறவே கூடாது. சுவரில் பதிப்பதானால், கைகூப்பி நிற்கையில் கண்ணுக்கு நேராக அமையட்டும். மதிற்சுவரை அசுத்தம் செய்வோரைத் தடுப்பதற்காகத் தெய்வப் படங்களைக் கீழே பதிப்பது, வணங்கத்தக்க தெய்வத்தைக் காவலுக்கு நிறுத்துவதாகும். பழைய சுவரை இடிக்குமுன், அதிலுள்ள திருவுருவ டைல்ஸை முதலில் பக்குவமாகப் பெயர்த்தெடுக்குமாறு கொத்தனாரிடம் சொல்லுங்கள். உடைந்துபோனால், இடிபாடுகளோடு குப்பைக்கு அனுப்பாமல், கால்படாத தூய இடத்தில் மண்ணுக்குள் புதைத்துவிடலாம்.

பதிக்கும்போது

பழைய தரையின்மீதே புதிய டைல்ஸ் பதித்தால், பசையும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். ஓர் அறையை மட்டும் மாற்றினால், நிலைப்படியருகே அந்த உயரமே காலைத் தடுக்கும்; அங்கே சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். குளியலறையில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் நீர் தேங்காது. பசை உலர்ந்தபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஓசை கேட்டால், அடியில் பசை நிரம்பவில்லை என்று பொருள். விளக்கு மாடத்தின் இணைப்புகளில் எபாக்ஸி கிரவுட் இட்டால், எண்ணெயும் கரியும் ஊறாது.

பெரியோர்களே, 'பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நாம் குறுக்கே நிற்பானேன்' என்று மௌனமாக இருந்துவிடாதீர்கள். நிறமும் வடிவமும் அவர்கள் விருப்பப்படி அமையட்டும். குளியலறையிலிருந்து பூஜையறை வரையிலான அந்தச் சில அடித் தூரத்தை மட்டும் உங்கள் பாதத்துக்கு ஏற்றபடி அமைத்துத் தருமாறு கேளுங்கள். அவ்வாறு கேட்பது அவர்களுக்கும் நன்மை. நாளை அவர்களும் முதுமையில் அந்த வழியேதான் விளக்கேற்றச் செல்வார்கள்.