காது வைத்த பிஸ்கட்டுகள்

துருக்கியின் தென்கடலோரத்தில் 1982ஆம் ஆண்டு கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், உலுபுரூன் முனையருகே காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாகத் தன் படகுத் தலைவரிடம் சொன்னார். தலைவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த வடிவத்தை வரைந்து காட்டி, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று கடலடித் தொல்லியலாளர்கள் முன்பே கேட்டுவைத்திருந்தார்கள். அவை வெண்கலக் காலத்துச் செப்புக் கட்டிகள்.

கடலடித் தொல்லியலுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்கரான ஜார்ஜ் பாஸ். 1960இல் அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர், வயது 27. துருக்கியின் கெலிடோன்யா முனையில் மூழ்கிய கப்பலை ஆராய்வதற்காகவே முக்குளிக்கக் கற்றுக்கொண்டார். அதுவரை முக்குளிப்பவர்கள் பொருள்களை அள்ளி வருவார்கள். அறிஞர்கள் படகில் காத்திருப்பார்கள். பாஸ் தாமே இறங்கினார். நிலத்தில் ஒவ்வொரு பானையோட்டையும் கிடந்த இடத்திலேயே அளந்து வரைவதுபோல, கடலடியிலும் அளந்து வரைந்தார்.

அந்தக் கப்பல் கிழக்கே கானான் பக்கத்திலிருந்து வந்தது என்பது அவர் முடிவு. வெண்கலக் காலக் கடல் வாணிபம் கிரேக்க மைசீனியர் கையில் இருந்ததாக நம்பிய அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

உலுபுரூனில் மூழ்கிய கப்பலின் அகழாய்வு 1984இல் தொடங்கியது. முதலில் பாஸும், பின்னர் அவருடைய மாணவர் ஜெமால் புலாக்கும் தலைமை ஏற்றார்கள். 11 கோடைகள், குழுவினர் 22,000 முறைக்கு மேல் மூழ்கினார்கள். 44 மீட்டருக்கும் கீழே, ஒரு தடவைக்குச் சுமார் 20 நிமிடம்தான் வேலை. அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். இரத்தத்தில் குமிழி கட்டாதிருக்க, நின்று நின்றே மேலேற வேண்டும்.

கிடைத்தவை: 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். வெண்கலம் வார்க்கத் தேவையான அதே விகிதம். நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி, தந்தம், எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை. சரக்கில் பெரும்பகுதி கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. பாஸ் முன்பே சொன்னதற்கு வலுச் சேர்ந்தது.

என் மனம் நிற்பது பொன்னில் அல்ல. ஜாடிகளுக்குள் படிந்த சேற்றையும் அவர்கள் சலித்தார்கள். கொத்தமல்லி, கருஞ்சீரகம், அத்தி, மாதுளை வந்தன. ஏறக்குறைய 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்களை! புதையல் தேடி வந்தவர்கள் முத்திரையை எடுத்துக்கொண்டு சேற்றை உதறியிருப்பார்கள்.

பாஸ் 2021இல் மறைந்தார். அவர் தம் மாணவர்களுக்கு விட்டுப்போன தொழில், அந்தச் சேற்றையும் சலிக்கிற பொறுமைதான்.