நாலு பேருக்கு ஒரு புஷ்பகம்

150 சிசி ஸ்கூட்டரில் ஹைதராபாத்தைச் சுற்றுவது தனி சுகம். ஆனால் வெகுகாலம் அது ஆண்களின் சுகம்.

செகந்திராபாத் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அபிட்ஸ் போக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால்தான் ஏரி தெரியும். மொபெட் என்றால் பின்னால் வரும் லாரி விரட்டும். ஸ்கூட்டரில்தான் நாற்காலியில் அமர்ந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்து, உசேன் சாகர் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு டேங்க் பண்டைக் கடக்கலாம். 1990-ல் ஏரிக்குள் மூழ்கி, 1992 டிசம்பரில் நிமிர்ந்து நின்ற புத்தரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது 150 சிசி. பஞ்சாரா ஹில்ஸ் பாறைமேட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 50 சிசி மொபெட் ஏறாது. பாதி வழியில் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும். சார்மினார் பக்கத்துச் சந்துகளில் கார் நுழையாது. மோட்டார் சைக்கிள் இரண்டையும் செய்யும், ஆனால் அதில் அரிசி மூட்டையை எங்கே வைப்பது? ஸ்கூட்டருக்குக் காலடியில் ஒரு திண்ணையே உண்டு. கேஸ் சிலிண்டர், காய்கறிப் பை, நின்றுகொண்டே வரும் கடைக்குட்டி, எல்லாம் அங்கேதான்.

ஓட்டுவதிலும் ஒரு ருசி இருந்தது. இடது கையால் கிளட்ச்சைப் பிடித்தபடியே கைப்பிடியைத் திருப்பினால் 'டக்'கென்று கியர் விழும். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். காலையில் கிளப்புவது ஒரு சடங்கு: பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் இழுத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி, பிறகு உதை. நாலாவது உதையில் கிளம்பினால் அன்று நல்ல நாள். பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும் டூ ஸ்ட்ரோக் என்ஜின், தெருவே புகையும். அதை யாரும் அன்று குற்றமாக நினைக்கவில்லை.

இந்த வசதிகளுக்கெல்லாம் மூலம் இத்தாலி. 1946-ல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொரடினோ தஸ்கானியோ விமான என்ஜினியர், ஹெலிகாப்டர் கட்டியவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. உடை அழுக்காகிறது, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற உயிர் போகிறது என்று குறைப்பட்டார். அதனால்தான் கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார், என்ஜினை மூடினார், சட்டென்று கழற்றி மாட்டும்படி சக்கரத்தை வைத்தார். நம்மூர் ஆசாமி ஸ்டெப்னியைத் தானே மாற்றிக்கொண்டு ஆபீசுக்கு நேரத்தில் போனதற்கு அவரைத்தான் வாழ்த்த வேண்டும்.

மறு வருடம் போட்டிக்கு வந்தது லாம்ப்ரெட்டா. அதன் இயந்திரங்களை வாங்கி, 1972-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா லக்னோவில் விஜய் ஸ்கூட்டரைத் தயாரித்தது. அதன் உடன்பிறப்பாக ஹைதராபாத்துக்கும் சொந்த ஸ்கூட்டர் ஒன்று கிடைத்தது: ஆல்வின் புஷ்பக். பிரிட்ஜும் பஸ் பாடியும் கைக்கடிகாரமும் செய்த ஹைதராபாத் ஆல்வினின் பெயரைத் தாங்கிய வண்டி. பெயர் வைத்தவர் புராணம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாம் புஷ்பக விமானத்தில். அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று நாம்பள்ளி நுமாயிஷ் பொருட்காட்சிக்குக் கிளம்பிய குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஆனாலும் மனசு கேட்டது பஜாஜைத்தான். 1972-ல் வந்த சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வரதட்சணைப் பட்டியலிலும் அது ஏறியது என்பது பெருமைப்பட வேண்டிய விஷயமல்ல.

குறைகளும் சின்னவை அல்ல. எட்டு அங்குல, பத்து அங்குலச் சக்கரங்களுக்கு மழைக்காலக் குழி ஒவ்வொன்றும் கிணறு. பிரேக் பிடித்தால் நிற்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறு கையால் குழந்தையையும் பிடித்துக்கொண்டு வந்த மனைவிக்கு டேங்க் பண்ட் காற்று எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்? கனத்த வண்டி, முரட்டு கிளட்ச், உதைத்துக் கிளப்பும் என்ஜின். "உன்னால் முடியாது" என்று சொல்ல ஆண்களுக்கு இவை போதுமான காரணங்களாக இருந்தன.

1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா இந்தக் காரணங்களைப் பிடுங்கிக்கொண்டது. 98 சிசிதான், ஆனால் கியர் இல்லை, பட்டனைத் தொட்டால் கிளம்பும். ஆண்கள் பலர் இதெல்லாம் ஒரு வண்டியா என்று சிரித்தார்கள். கல்லூரிப் பெண்களும் பாங்க் ஊழியைகளும் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார்கள். ஹோண்டா ஆக்டிவா வந்த பிறகு கியர் ஸ்கூட்டர் தேய்ந்தது. 2009-ல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தியது; 2020-ல் சேத்தக் பெயர் திரும்பியபோது அது மின்சார வண்டி.

நடுத்தர அளவு மட்டும் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2016-ல் ஏப்ரிலியா எஸ்ஆர் 150, 2021-ல் யமஹா ஏராக்ஸ் 155. இரண்டிலும் 14 அங்குலச் சக்கரம், குழிகளுக்கு இப்போது பதில் உண்டு. ஊரும் நீண்டுவிட்டது. ஆபீஸ் ஹைடெக் சிட்டியில், வீடு செகந்திராபாத்தில் என்றால் இந்த பலம் தேவைப்படுகிறது. மெஹ்திபட்னத்திலிருந்து போகும் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலச் சாலையும், 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும் இரு சக்கர வாகனங்களை அனுமதிப்பதில்லை. காற்று வாங்க இன்னும் டேங்க் பண்டுதான்.

பழைய கியர் வண்டிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். கிளட்ச் இருந்த இடத்தில் இன்று பின் பிரேக். கியர் மாற்றும் பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்க, வண்டி நடுரோட்டில் குலுங்கி நிற்கும். "தள்ளி உட்காருங்கப்பா, நான் ஓட்டறேன்" என்று பின்னாலிருந்து மகள் இறங்கி வருவாள்.