புரை நீங்கிய கண்

சென்ற ஆண்டு என் வலக் கண்ணில் புரை நீக்கினார்கள். கட்டவிழ்த்த மறுநாட் காலையில் என் வேட்டியைக் கண்டு, "நீலம் மிகுந்துவிட்டதே!" என்று குறைகூறினேன். இடக் கண்ணால் நோக்கினால் அதே வேட்டி பழுப்பேறியிருந்தது. குற்றம் சலவையில் அன்று. என் கண்ணில் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கண்ணினுள் உள்ள வில்லை முதுமையில் மஞ்சள் நிறமடைந்து, நீல ஒளியைத் தடுக்கிறது. அதனை அகற்றித் தெளிவான செயற்கை வில்லையைப் பொருத்தியதும் மறைந்திருந்த நீலம் மீள்கிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1923இல், தம் 82ஆம் வயதில், வலக் கண்ணில் இச்சிகிச்சை பெற்றார். கண்ணுள் பொருத்தும் வில்லை அன்று இல்லை. தடித்த கண்ணாடியே துணை. நிறங்கள் மாறித் தோன்றுவதாக அவர் வருந்தினார். நிறமூட்டிய கண்ணாடிகளையும் அணிந்து பார்த்தார். ஆயினும் தூரிகையை அவர் துறக்கவில்லை. 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்தார்.

இவ்வில்லையாலும் சில தோற்றங்கள் உண்டாகும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். பார்வையின் வெளியோரத்தில் பிறை போன்ற நிழல் படியும். இவை பெரும்பாலும் தாமே குறையும். வெயிலில் குளிர்கண்ணாடி அணிதலும், மருத்துவர் இசையும்வரை இரவில் வண்டி ஓட்டாதிருத்தலும் நன்று. சில மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின் பார்வை மீண்டும் மங்கினால், வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை மங்கியிருக்கலாம். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதனைத் திறந்துவிடுவர்.

ஆனால் எல்லாவற்றையும் பொறுத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. என் தமையனாருக்குச் சிகிச்சைக்குச் சில மாதங்களின்பின் கண்ணில் மின்னல் வெட்டியது. கரும்புள்ளிகள் மழைபோல் மிதந்தன. "பழகிவிடும்" என்று பத்து நாட்கள் வாளாவிருந்தார். பின்னர் ஒருபுறம் கருந்திரை இறங்கிற்று. விழித்திரை கிழிந்து பெயர்ந்திருந்தது. அக்கண்ணின் ஒளி திரும்பவே இல்லை.

ஆகவே மின்னல், திடீரெனப் பெருகும் புள்ளிகள், திரை, கடும்வலி, சிவப்பு, விரைந்து குன்றும் பார்வை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். உங்கள் பாட்டனார் "கண்ணில் ஏதோ மின்னுகிறது" என்றால், முதுமையின் புலம்பல் என்று புறக்கணியாதீர்கள்; உடனே கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.