வீடியோத் தொகுப்பில் குறுக்குவழிச் சாவிகள்

மாணவர்களே! மஞ்சவனப்பதி முருகன் கோயில் தேர்த்திருவிழாவை ஒரு மணித்தியாலம் பதிவுசெய்து, அதனைப் பத்து நிமிடமாகச் சுருக்குகிறீர்கள் எனக் கொள்வோம். ஒவ்வொரு கட்டளைக்கும் சுட்டியை நகர்த்தினால் நேரம் வீணாகும்.

அடோபி பிரீமியர் புரோ மென்பொருளில்:
1. ஜே – பின்னோக்கி ஓடும்; கே – நிற்கும்; எல் – முன்னோக்கி ஓடும். எல் சாவியை மீண்டும் அழுத்த வேகம் கூடும்.
2. ஐ – தொடக்கப்புள்ளி. ஓ – முடிவுப்புள்ளி.
3. கொன்ட்ரோல் + கே – காட்சியை வெட்டும்.

மாற்றியமைத்தல்: கொன்ட்ரோல் + ஓல்ட் + கே அழுத்தினால் சாவிகளை மாற்றும் பெட்டி தோன்றும். ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ள சாவியை வேறு கட்டளைக்கு வழங்கினால், முன்னைய கட்டளை அதனை இழக்கலாம்.

கவனிக்க: பாடசாலைக் கணினியில் மாற்றினால், அடுத்து அமரும் மாணவர் தடுமாறுவார். உங்கள் மாற்றங்களைத் தனிப்பெயரில் சேமியுங்கள். பரீட்சையில் நீங்கள் மாற்றிய சாவியை அன்றி, மென்பொருளுடன் வந்த சாவியையே எழுதுங்கள்.